மூன்றாம் ஓட்டம்

விடியலில் முதுநகர்த் துறைமுகத்தில்
இரண்டு பார் ஐஸ் வாங்கினோம்.
"மீனுக்கா?" என்றான் ஐஸ்காரன்.
புகைக்கு, என்றேன்.
சிரித்துக்கொண்டே
சில்லறையைக் குறைத்துக் கொடுத்தான்.

சிப்காட் கேட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள்.
எரியுலை வாயில் சந்தனம், குங்குமம்,
கன்வேயர் சக்கரத்தடியில் எலுமிச்சை.
"ஒன்பதுக்கு மேல நல்ல நேரம் மேடம்.
சரக்கும் இன்னைக்கு நல்ல சரக்குதான்" என்றார்
மேலாளர் வைத்தியலிங்கம்.

நல்ல சரக்கு வேண்டாம் சார்.
இந்த அனுமதிக்கு வேண்டியது ஒரு கெட்ட நாள்.
குளோரின் மிகுந்த, எரிய மறுக்கிற,
ஷெட்டின் மூலையில் வருஷக்கணக்காய்
யாரும் தொடாத அந்த நீல டிரம்கள்.
மணிக்கு எவ்வளவு எரிப்போம் என்று மனுவில் எழுதினீர்களோ
அவ்வளவும், ஒரு கிலோ குறையாமல்.
பெண் பார்க்க வரும் அன்று
வீட்டைக் கூட்டுவது போல் அல்ல இது.

முப்பது மீட்டர் ஏணி.
கலைவாணன் முன்னே, நான் பின்னே,
இடுப்பில் கயிறு, பையில் கண்ணாடிக் குடுவைகள்.
ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் இரும்பு மேடை.
குழாயைப் புகைபோக்கிக்குள் நுழைத்து
புகை போகும் வேகத்திலேயே உறிஞ்ச வேண்டும்.
வேகம் கூடினால் பொய்.
குறைந்தாலும் பொய், வேறு பக்கத்துப் பொய்.
பத்து வருஷமாய் இதுதான் என் வேலை:
ஒரு புகையோடு கூடவே நடப்பது,
முந்தாமல், பிந்தாமல்.

குடுவைகளைச் சுற்றி ஐஸ் உருகியது.
அதில் ஒரு செதில் மிதந்தது,
மத்தியோ கவளையோ.

மேலிருந்து உப்பனாறு தெரிந்தது.
அதற்கு இப்பால் ஒரு மொட்டை மாடியில்
போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
காற்று எந்தப் பக்கம் என்று
அந்தப் போர்வைதான் முதலில் சொன்னது.
எங்கள் கருவியும் சொன்னது, சற்றுத் தாமதமாக.

நூற்றில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது
அழிந்தே ஆக வேண்டும்.
பத்தாயிரம் துளி உள்ளே போனால்
ஒரு துளி வெளியே வரலாம்,
அதற்கு அனுமதி உண்டு.
அந்த ஒரு துளிக்குத்தான் இத்தனை படி.

முதல் ஓட்டம் தேறியது.
மறுநாள் இரண்டாவதும்.
கீழிருந்து லட்டு அனுப்பினார் வைத்தியலிங்கம்.

மூன்றாம் நாள், மூன்று பத்து.
வாக்கிடாக்கியில் ஆபரேட்டர் தனவேலின் குரல்:
"ஆயிரத்து தொண்ணூத்தி நாலு."
பிறகு, "எண்பத்தேழு."
ஆயிரத்து நூறுக்குக் கீழே இறங்கினால்
கழிவு போகும் கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும்.
மனுவின் பதினேழாம் பக்கம், அவர்களே எழுதியது.

மூடவில்லை.
அடுத்த டிரம் உள்ளே விழுந்த சத்தம்
ஏணி இரும்பு வழியாக
என் உள்ளங்காலுக்கு வந்தது.

இறங்கினேன்.
யாரையும் பார்க்காமல் பேனலைத் திறந்தார் தனவேல்.
ரிலேயின் இரண்டு முனையையும் இணைத்து
ஒரு சின்ன சிவப்பு ஒயர்,
ஒழுங்காக டேப் சுற்றியிருந்தது.
டேப்பின் மேல் தூசி.
நேற்றுச் சுற்றியதல்ல.

"பதிமூணு டிகிரிதானே மேடம்.
அடிக்கடி நின்னா உலைச் செங்கல் வெடிக்கும்,
அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல."
செங்கல் வெடிக்கும் என்பது உண்மைதான்.
அதையும் எழுதிக்கொண்டேன்.
வாரியத்திலிருந்து வந்திருந்த ஜெசிந்தா
கையெழுத்திடும் முன் பேனாவை ஒரு முறை உதறினார்.

மூன்றாம் ஓட்டம் செல்லாது.
முதல் இரண்டும்? வாரியம் சொல்லும்.
பேனலைத் திறந்து காட்டிய தனவேலின் வேலை?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கெடிலம் தாண்டி, பெண்ணையாறு தாண்டி
வேன் புதுச்சேரிக்குத் திரும்புகிறது.
என் மடியில் பிசின் அடைத்த கண்ணாடிக் குழாய்,
இரு முனையும் மூடி, தேதி எழுதி.
செல்லாத ஓட்டத்தின் புகை.
இதைச் சோதிக்க யாரும் பணம் தரப்போவதில்லை.

"தூக்கிப் போட்டுடலாமா அக்கா?"
என்றான் கலைவாணன்.

எங்கே, என்றேன்.